பினாங்கு ஜார்ஜ் டவுனில் கேமராவோடு நடக்க: நெல்லைப் பக்கம் இருந்து கிளம்புகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மூன்று வருடமாக மனதுக்குள்ளேயே கிடந்த பினாங்குப் பயணத்தைப் போன ஜனவரியில் ஒருவழியாக முடித்தேன். படங்கள் நன்றாக வந்தன. ஆனால் கிளம்புவதற்கு முன் காகிதங்களோடு பட்ட பாடும், போன முதல் நாள் பகல் முழுக்க வெயிலில் சுற்றி ஒரு படம்கூடத் தேறாமல் விடுதிக்குத் திரும்பியதும் வேறு யாருக்கும் வர வேண்டாம் என்று நினைக்கிறேன். ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து "அண்ணாச்சி, எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்கிறவர்களுக்கு ஆளாளுக்குப் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது முழுசு.

ஜார்ஜ் டவுன் பினாங்குத் தீவின் துறைமுக நகரம். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாரம்பரியப் பகுதி மொத்தமே 259 ஹெக்டேர்தான், அதனால் கார், வேன் எதுவும் தேவைப்படாது, காலால் நடந்தே பார்த்துவிடலாம். மஞ்சள், நீலம், பச்சை, காவி என்று வரிசையாகக் கடைவீடுகள், மரப்பலகைச் சன்னல்கள், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்கள். வரலாறு வேறு இடத்தில் நிறையக் கிடைக்கும். நாம் வேலைக்கு வருவோம்.

1. பாஸ்போர்ட்டும் பெயரும்: இதை முதலில் முடியுங்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டாம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பம் போட்டுப் பணம் கட்டலாம். அப்புறம் போலீஸ் விசாரணை முடிந்து தபாலில் வரும் வரை நாளைத் தாராளமாக விட்டுவைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசித் தேதியைப் பாருங்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று குறித்துவிடுவார்கள், குடியேற்றச் சோதனை தேவைப்படுகிறவர் என்று அதற்கு அர்த்தம். மலேசியா அந்தச் சோதனைக்குரிய 18 நாடுகளில் ஒன்று. வேலைக்குப் போகிறவர்களுக்கான விதிதான் அது. ஆனாலும் தனியாக, சின்ன ஊரிலிருந்து, சுற்றுலா என்று சொல்லிப் போகிற ஆளிடம் அந்தக் குறி இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி கூடும். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் திரும்பி வரும் டிக்கெட், விடுதி முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் அச்செடுத்துக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இன்ஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரித்து, குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அந்த இடத்தில் வெறும் 'எஸ்' என்று அடித்துவிட்டார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது எதேச்சையாகத்தான் பார்த்தேன். திருத்துவதற்கு 3,000 ரூபாய்க்கு மேல் போனது, அதைவிட அந்த இரண்டு நாள் தூக்கமும் போனது. பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, டிக்கெட்டிலும் அதே எழுத்து அதே இடத்தில் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிற பாஸ்போர்ட் என்றால் எப்படி நிரப்ப வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்திடமே பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும்.

2. விசா இல்லை, ஆனால் ஒரு படிவம் இருக்கிறது

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா விசா கேட்பதில்லை, 30 நாள் வரை இருக்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விசா இல்லை என்றதும் பலரும் எம்டாக் என்ற மின்னணு வருகை அட்டையை விட்டுவிடுகிறார்கள். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்த இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் அதே படிவத்தைக் காட்டிக் காசு கேட்கும். எங்கேயாவது கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், நீங்கள் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள். நிரப்பி முடித்ததும் மின்னஞ்சலில் வருவதை அச்செடுத்து ஒன்று, போனில் படமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு. சுற்றுலாவாக நுழைகிறவர் அங்கே காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது. தெரிந்தவர் வீட்டு விசேஷம், சும்மா ஒரு கைச்செலவுக்கு என்று யாராவது கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குடிநுழைவில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: ஊர் பார்க்க, எனக்காகப் படம் எடுக்க வந்திருக்கிறேன், இத்தனாம் தேதி திரும்புகிறேன். என்னிடம் கேட்டது அவ்வளவுதான், இரண்டு நிமிடம்.

3. காசு

மலேசியக் காசு ரிங்கிட். அங்கே இருக்கிற தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். "அஞ்சு வெள்ளி" என்றால் 5 ரிங்கிட். மதிப்பு நாளுக்கு நாள் மாறும், கணக்குப் போடும்போது ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் கை கடிக்காது. விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம். ஊரிலேயே அனுமதி பெற்ற கடையில் கொஞ்சம் மாற்றி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் டெபிட் கார்டு. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்திலேயே அணைத்துத்தான் இருக்கும், நாமாக வங்கிச் செயலியில் போய் இயக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. விடுதி வாசலில் இரண்டு தடவை கார்டு மறுத்தது, அதைச் சரி செய்ய ஓடிபி வர வேண்டும், ஓடிபி வர நம் ஊர் சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. கையில் இருந்த ரொக்கத்தில்தான் முதல் இரவு கழிந்தது. ஊரில் இருக்கும்போதே கார்டையும் ரோமிங்கையும் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். யூபிஐ இருக்கிறதே என்ற நம்பிக்கையில் போகாதீர்கள்.

4. எப்படிப் போவது

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. நான் அதில்தான் போனேன், போக வர 19,000 ரூபாய், இரண்டு மாதம் முன்னால் போட்டது. அது நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிற விமானம். இங்கேதான் பலர் தேதியில் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்று இருந்தால் 14-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கே நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நேரங்கள் மாறக்கூடியவை, உங்கள் டிக்கெட்டைப் பார்த்து அதன்படி ரயில் போடுங்கள்.

ரயில் என்றால், நள்ளிரவு விமானத்துக்கு முந்தைய நாள் காலை திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் வசதி. மதியத்துக்கெல்லாம் தாம்பரம் வந்துவிடும், அங்கே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம், ஸ்டேஷனுக்கு எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது, பார்த்துப் போடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் காலையிலேயே இறங்கிவிட்டு ராத்திரி வரை பையைச் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானம். தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பலரும் அப்படித்தான் போகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் 4 மணி நேரம் சுமார், அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை, படகில் கால் மணி நேரத்தில் தீவு. ஆளுக்கு 2 ரிங்கிட். ஒரு நாள் கூடுதலாக ஆகும்தான், ஆனால் தீவை முதன்முதலாகக் கடலிலிருந்து பார்ப்பது தனி. நேரடி விமானத்தில் போகிறவர்களும் ஒரு சாயங்காலம் அந்தப் படகில் சும்மா போய் வாருங்கள்.

விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுன் 16 கிலோமீட்டர் சுமார். போன் செயலியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் காரில் 30 ரிங்கிட் பக்கம் ஆனது. 401இ பேருந்தில் 3 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ரொக்கமாகக் கொடுத்தால் பேருந்தில் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், 50 ரிங்கிட் நோட்டோடு ஏறாதீர்கள்.

5. தங்கும் இடம்

பாரம்பரியப் பகுதிக்குள்ளேயே தங்குங்கள். கடற்கரை விடுதி என்று பத்து ஃபெரிங்கி என்ற பகுதியில் போட்டுவிட்டால் தினமும் காலை வெளிச்சம் பேருந்திலேயே போய்விடும். சூலியா தெரு, லவ் லேன், முன்ட்ரி தெரு இந்தப் பக்கம் பொது அறைப் படுக்கை 40 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. வெளிநாட்டவரிடம் சுற்றுலா வரி அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் தனியாக வாங்குவார்கள், அது போக மாநிலத்துக்கு 2, 3 ரிங்கிட். இணையத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் இருக்காது. விடுதியில் கேட்டதும் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், அது முறையான வரி.

தைப்பூசம் நேரத்தில் போகிறவர்கள் கவனம். பினாங்கில் அன்றைக்கு அரசு விடுமுறை, நகரம் நிறைந்துவிடும், அறை விலை ஏறும். தேரைப் படம் எடுக்க வேண்டும் என்றே போகிறவர்கள் நான்கு மாதம் முன்னாலேயே அறை போட்டுவிடுங்கள்.

6. பை

ஒரு கேமரா, ஒரு லென்ஸ். நான் இரண்டு பாடியும் நாலு லென்ஸும் கொண்டுபோனேன், மூன்றாம் நாளிலிருந்து 35 எம்எம் ஒன்றுதான் வெளியே வந்தது. தெருக்கள் குறுகல், நம் டவுண் ரத வீதி அகலம்கூடப் பல இடத்தில் கிடையாது. 70-200 ஜூம் லென்ஸ் தோளில் தொங்கிக்கொண்டு வலிதான் கொடுத்தது.

கேமராவின் பில்லும், வரிசை எண் தெரிகிற மாதிரி எடுத்த படமும் கூடவே இருக்கட்டும். விலை கூடின கேமரா என்றால் சென்னையில் கிளம்பும்போதே சுங்க மேசையில் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று எழுதி வாங்கிக்கொள்ளலாம், திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது. அதற்கு அரை மணி நேரம் முன்கூட்டியே போங்கள், பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு அப்புறம் காட்ட முடியாது.

உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் வைத்தால் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். அங்கே சுவர் பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, நம் உருண்டைக் கால் போகாது, ஒரு அடாப்டர் வேண்டும். ட்ரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அனுமதி வாங்கும் வேலை ஒரு வாரப் பயணத்துக்கு ஒத்துவராது.

ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை. குளிரூட்டின அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேரே தெருவுக்கு வந்தால் லென்ஸ் பால் ஊற்றினது போல வெளுத்துவிடும். துடைத்தால் திரும்பவும் படியும். சூரியன் ஏறுகிற அந்த இருபது நிமிடம் அப்படித்தான் எனக்குப் போனது. ராத்திரியே கேமராவைப் பையில் மூடி, ஏசி காற்று படாத இடத்தில், முடிந்தால் குளியலறைப் பக்கத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

7. ஊரிலேயே ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் டவுண் நாலு ரத வீதியையும் அதே பை, அதே செருப்போடு மூன்று மணி நேரம் சுற்றுங்கள். கடை திறக்கும் நேரம், தெரியாத மனிதர்கள், இருட்டும் வெயிலும் கலந்த வெளிச்சம், எல்லாம் அங்கே கிடைக்கும். எந்தச் செருப்பு கடிக்கிறது என்றும் தெரிந்துவிடும். முடிந்தால் ஒரு நாள் மணப்பாடு, ஒரு நாள் காயல்பட்டினத்துச் சந்துகள். முன்பின் தெரியாதவரிடம் "ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா" என்று கேட்கிற கூச்சம் இங்கேயே விட்டுப்போக வேண்டும்.

8. காலை நடை: கடலிலிருந்து உள்ளே

முதல் நாள் நான் செய்த தப்பு, வரைபடத்தில் சுவரோவியங்களைக் குறித்துவைத்து ஒன்றன் பின் ஒன்றாகத் தேடிப் போனது. பகல் 11 மணி வெயிலில், வரிசையில் நின்று, எல்லோரும் எடுத்த அதே படத்தை நானும் எடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை வைத்து நடந்தேன். கீழே சொல்வது அந்த வரிசை.

அங்கே மணி நம்மைவிட 2.30 முன்னால். ஆனால் சூரியன் 7 மணிக்கு மேல்தான் உதிக்கும். நெல்லைப் பழக்கத்தில் ஐந்தரைக்கே போய் இருட்டில் உட்கார வேண்டாம். ஆறே முக்காலுக்கு வெல்ட் கீ கடற்கரைச் சாலையில் இருக்கிற சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடலுக்குள் கால் ஊன்றின மரப்பலகைத் தெரு, இரண்டு பக்கமும் வீடு. கிழக்கே பெருநிலம், அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். பலகை நடுவில் உட்கார்ந்து, தண்ணீரில் நிற்கிற கால்களை ஓரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

இது மனிதர்கள் குடியிருக்கும் இடம். பலகை ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போடும், உள்ளே தூங்குகிறவர்களுக்கு அது கேட்கும். மெதுவாக நடங்கள், திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். நான் நின்ற இடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு பாட்டி வாசலில் இருந்த சிவப்புத் தட்டில் மூன்று ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். கேமராவை லேசாகத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டிக் கேட்டேன். கையை அசைத்து வேண்டாம் என்றார். கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, நம் ஊர் வழக்கப்படி கும்பிட்டேன். அவர் ஊதுபத்தியைக் குத்திவைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, உட்கார் என்று காட்டினார். அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் சூரிய உதயத்தை எடுத்தேன். படத்தில் அவர் இல்லை.

எட்டு மணிக்கு சாலையைக் கடந்து எதிரே ஆர்மீனியன் தெருவுக்குள் வாருங்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் இங்கேதான் இருக்கிறார்கள், சுவரில் நிஜ சைக்கிளே பதித்திருக்கும். எட்டரைக்குள் வந்தால் தனியாக நிற்கலாம், பத்து மணிக்கு வரிசை தொடங்கிவிடும். வண்ணம் மங்கி உரிந்துகொண்டுதான் இருக்கிறது, படங்களில் பார்த்த பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் பையன் ஓவியம் பக்கத்திலேயே ஆ குவீ தெருவில். இந்த இரண்டும் போதும். ஓவியத்தை ஒட்டியே நிற்காமல் பத்தடி பின்னால் வந்து, அந்தச் சுவருக்குப் பக்கத்துக் கதவு, மேலே காயும் துணி, வாசலில் நிற்கும் வண்டி எல்லாம் சேர எடுங்கள்.

அங்கிருந்து கேனன் தெரு வழியாக கூ கொங்சி. சீனக் குலக்கோயில், கூரை முழுக்கச் சிற்பம். நுழைவுக் கட்டணம் உண்டு. முன்முற்றத்தில் ஒன்பதரை வரை பக்க வெளிச்சம் கூரைமேல் விழும், அதற்கப்புறம் மேலே வானம் வெளுத்து, கீழே கறுத்துவிடும்.

9. பகல்: அஞ்சடி

10 முதல் 4 வரை வெயில் நேர் தலைக்கு மேல். நம் ஊர் சித்திரைதான். அந்த நேரத்துக்குத்தான் கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற நடைபாதை இருக்கிறது. மேல்மாடி அதன்மேல் நீண்டு நிழல் கொடுக்கும். அங்கத்துத் தமிழில் அதற்கு அஞ்சடி என்று பெயர். தெருவில் விழுகிற வெயில் தரையில் பட்டு, மென்மையாக அதற்குள்ளே வரும். முகங்களை எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பூப்போட்ட தரை ஓடுகள், தூணில் எழுதின சீன எழுத்து, சாத்திய கடைக்கதவின் பலகை வரிசை எல்லாம் நிழலில் நின்று நிதானமாக எடுக்கலாம். அஞ்சடி சில இடத்தில் திடீரென்று ஒரு படி இறங்கும். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

வீட்டு அருங்காட்சியகங்களையும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லீத் தெருவில் நீல மாளிகை, சர்ச் தெருவில் பச்சைநிற பெரனாக்கான் மாளிகை. 25 ரிங்கிட் பக்கம் கட்டணம். ஒன்று போதும் என்றால் நீல மாளிகை. அந்த நீலம் அவுரிச் சாயம் கலந்த சுண்ணாம்பு, மேகம் மூடியிருக்கும்போது வெளிப்பக்கம் எடுத்தால்தான் அந்த நிறம் உள்ளபடி வரும்.

கால் வலித்தால் கேட் என்கிற இலவசப் பேருந்து நகரைச் சுற்றி வரும், ஏறி உட்காருங்கள்.

10. சாயங்காலம்: நம் ஆட்கள் தெரு

5 மணிக்கு கபித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து தொடங்குங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்துப் போனால் பார்க்க விடுவார்கள், மேலங்கி அங்கேயே தருவார்கள். சூலியா தெருவில் நாகூர் தர்கா, அப்புறம் மார்க்கெட் தெரு, குயின் தெரு, பினாங்கு தெரு. லிட்டில் இந்தியா. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-லிருந்து இருக்கிறது. கோபுரத்தின் மேல் சாயங்கால வெயில் பட்டதும் எடுங்கள், உள்ளே எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு.

பூக்கடை ஒன்றில் சாமந்தி குவியலுக்குப் பின்னால் ஒரு பெரியவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டதும் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி திருநெல்வேலிப் பக்கமா?" என்றார். அவர் தாத்தா கடையநல்லூராம். இவர் ஊருக்கு வந்தது ஒரே தடவை, அதுவும் சின்னப் பையனாக. குற்றாலத்தில் இப்போதும் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டார். சீசனில் விழுகிறது அண்ணாச்சி என்றேன். அப்புறம் அரை மணி நேரம் அவரை எப்படி எடுத்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எடுத்ததில் நல்ல படம் அவருடைய கைகள்தான், நார் சுற்றின கட்டைவிரலில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டியிருக்கும். விலாசம் வாங்கி வந்தேன், அச்செடுத்து அனுப்பிவிட்டேன். நீங்களும் யாருக்காவது படம் தருகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள், அடுத்து போகிற நம் ஊர் ஆளுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

சூரியன் மாதத்தைப் பொறுத்து 7 முதல் 7.45-க்குள் இறங்கும். அப்போது கருணைத் தேவி கோயிலைத் தாண்டி, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வழியாக எஸ்பிளனேட் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். வெள்ளை மாநகராட்சிக் கட்டடத்தில் விளக்கு போட்டதும், வானம் நீலமாக இருக்கிற அந்த கால் மணி நேரம்தான். கேமரா ஸ்டாண்ட் தேவையில்லை, சுவர்மேல் கேமராவை வைத்து எடுக்கலாம்.

11. எப்போது, எத்தனை நாள், எவ்வளவு

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், ஆனால் நனைந்த தெருவில் கடைவீட்டு வண்ணம் விழுவது பிடிக்கும் என்றால் அப்போதே போங்கள். நாலு நாள் வேண்டும். மேலே சொன்ன நடை மூன்று, நான்கு கிலோமீட்டர்தான், ஒரே நாளில் முடிகிற தூரம். ஆனால் ஒரே காலை வெளிச்சத்தில் ஜெட்டியையும் ஆர்மீனியன் தெருவையும் கூ கொங்சியையும் நிதானமாக எடுக்க முடியாது, ஒரு காலைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன கணக்கு: விமானம் 19,000, பெயர்த் திருத்தம் 3,000 சொச்சம், ரயில் போக வர 2,500, நான்கு இரவு தங்கல் வரியோடு 4,500, சாப்பாடு நாளுக்கு 40 ரிங்கிட் என்ற கணக்கில் 3,500, நுழைவுக் கட்டணம், கார், சிம் எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 36,500. பெயரை ஒழுங்காகப் போட்டிருந்தால் 33,500-ல் முடிந்திருக்கும். காலையில் ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றின பால் டீ), மதியம் நாசி கண்டார் (சோறும் குழம்பும் கறிகளும்) என்றால் இந்தச் சாப்பாட்டுக் கணக்கு சரியாக வரும். நாசி கண்டார் கடையில் தட்டில் ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டே போனால் பில் எகிறிவிடும், பெரிய இறால் விலையை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் முந்தைய ராத்திரி படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள், ஒன்றைப் பெட்டியில். சென்னையில் இறங்கியதும் அந்தச் சுங்கச் சான்று கையில் இருக்கட்டும். தாம்பரத்தில் நெல்லை ரயில் ஏறும் வரை கேமராவின் மெமரி கார்டுகளை அழிக்காதீர்கள்.